கடத்தல் த்ரில்லர் எழுதப் போகிறீர்களா? பிள்ளையிலிருந்து தொடங்குங்கள்

என் முதல் கடத்தல் கதை நாற்பத்தைந்தாம் பக்கத்தில் செத்துப்போனது. நாயகன் முன்னாள் ராணுவ வீரர். மகளைத் தூக்கிவிடுகிறார்கள். அவர் பரணிலிருந்து பெட்டியை இறக்குகிறார், துப்பாக்கியைத் துடைக்கிறார், கிளம்புகிறார். அந்த நாற்பத்தைந்து பக்கத்துக்குள் பதினோரு பேரை அடித்துப் போட்டிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சரி, அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" புரட்டிப் பார்த்தேன். ஓர் இடத்தில் ஒன்பது என்று இருந்தது, இன்னோர் இடத்தில் பன்னிரண்டு. பெயரைத் தவிர அவளைப் பற்றி எனக்கே ஒன்றும் தெரியவில்லை. யாரென்றே தெரியாத ஒருத்திக்காகப் பதினோரு பேரை அடித்திருக்கிறேன்.

பிள்ளையைக் காணோம் என்றதுமே வாசகர் நம் பக்கம் வந்துவிடுவார். அதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சலுகை பத்து, பதினைந்து பக்கத்துக்குத்தான். அதற்குப் பிறகு அவரைப் பிடித்து வைக்க அடிதடி மட்டும் போதாது. கடத்தியவனிடம் ஆள் இருக்கிறது, ஆயுதம் இருக்கிறது, பிள்ளையும் இருக்கிறது. பெற்றவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று: அந்தப் பிள்ளையை அவருக்குத் தெரியும். இந்த ஒன்றை வைத்தே முழுக் கதையையும் ஓட்டிவிடலாம் என்பது என் கட்சி.

நாவலோ திரைக்கதையோ, முதல்முறை எழுதுபவருக்கான வழி இது. உதாரணத்துக்கு ஒரே கதையைக் கடைசிவரை கூட்டிப்போகிறேன். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்க்கும் ஓர் அம்மா, அவருடைய ஒன்பது வயது மகள்.

படி 1: பிள்ளைக்கு ஒரு நோட்டு போடுங்கள்

கதைச்சுருக்கம் எழுதுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்துப் பிள்ளையைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதுங்கள். "சுட்டிப்பெண், எல்லோருக்கும் செல்லம்" என்றெல்லாம் எழுதாதீர்கள். அது எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். பயந்தால் என்ன செய்வாள்? பொய் சொல்லும்போது கை எங்கே போகும்? எந்தச் சத்தம் பிடிக்காது? அம்மாவிடம் எதை மறைத்து வைத்திருக்கிறாள்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தன் பிள்ளையை முழுக்கத் தெரியும் என்று நினைக்கும் பெற்றவருக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருந்தால், தேடல் இரண்டு பக்கமும் ஓடும்.

நம் கதையில் மகளுக்கு ஒரு பழக்கம் வைப்போம். பள்ளி விடுமுறை நாட்களில் அம்மா அவளை வேலைக்குக் கூட்டிப்போவார். பழுது பார்க்கும் இடமென்றால் லிஃப்ட் ஓடாது, படியேறித்தான் ஆக வேண்டும். குழந்தை சலிக்காமல் இருக்க அம்மா ஆரம்பித்த விளையாட்டு படி எண்ணுவது. இப்போது அவளால் எண்ணாமல் ஏற முடியாது. வாய் அசையாது, மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பழக்கத்தை முதல் பத்து பக்கத்துக்குள் காட்டிவிடுங்கள். பின்னால் உதவப்போகிறது என்று தெரியும்படி காட்டினால் காரியம் கெட்டது. அம்மா அவசரமாக ஏறிக்கொண்டே ஏதோ கேட்க, எண்ணிக்கை தவறிப்போன மகள் எரிந்து விழுந்து கீழே இறங்கிப்போய் மறுபடி முதலிலிருந்து ஏறட்டும். அம்மாவுக்குக் கோபம் வரட்டும். வாசகர் அதை ஒரு சின்னச் சண்டையாகப் படித்துவிட்டு மறந்துபோவார். அதுதான் நமக்கு வேண்டும்.

படி 2: பெற்றவருக்கு ஒரு தொழில் கொடுங்கள்

ராணுவம், உளவுத்துறை, ஓய்வுபெற்ற என்கவுன்டர் அதிகாரி என்று போகாதீர்கள். கூடவே கூடாது என்பதில்லை. ஆனால் அடிக்கத் தெரிந்தவர் அடிக்கும்போது வாசகருக்குப் பதற்றம் வராது, ரசனைதான் வரும். கரடுமுரடான, மண்ணும் ரத்தமும் ஒட்டிய கதை வேண்டுமென்றால் பெற்றவர் தோற்றுப்போக வாய்ப்புள்ளவராக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு பழைய பாடத்தைச் சொல்லியாக வேண்டும். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’ என்ற படத்தை இரண்டு முறை எடுத்தார், 1934-இல் ஒரு முறை, 1956-இல் மறுமுறை. இரண்டிலும் ஒரு தம்பதியின் வாயை அடைக்க அவர்களுடைய பிள்ளையைக் கடத்துகிறார்கள். முதல் படத்தில் அம்மா குறிபார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரி. ஆரம்பத்தில் ஒரு போட்டியில் கவனம் சிதறித் தோற்கிறாள். முடிவில் கூரைமேல் மகளை ஒருவன் விரட்டுகிறான், பெண் பக்கத்தில் இருப்பதால் போலீஸ்காரர் சுடத் தயங்குகிறார், அம்மா துப்பாக்கியை வாங்கிச் சுடுகிறாள். இரண்டாவது படத்தில் அம்மா மேடையை விட்டு விலகிய பாடகி. மகனை ஒரு தூதரகத்தின் மாடியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அவள் கீழே விருந்தினர்முன் குரலை உயர்த்திப் பாடுகிறாள். மாடியிலிருந்து மகன் அதே பாட்டைச் சீட்டியடிக்கிறான்.

ஒரே இயக்குநர், ஏறக்குறைய ஒரே கதை. அம்மாவின் தொழிலை மாற்றியதும் க்ளைமாக்ஸே மாறிவிட்டது பாருங்கள். துப்பாக்கி சுடும் அம்மாவின் காட்சி நெஞ்சை அடைக்கும்தான். ஆனால் எனக்கு அந்தச் சீட்டிதான் பெரிது. துப்பாக்கி யார் கையிலும் வேலை செய்யும். அந்தப் பாட்டு அந்த வீட்டுக்குள் மட்டும்தான் வேலை செய்யும்.

ஆகவே தொழிலைத் தேர்ந்தெடுத்ததும் அதைச் செய்பவர் ஒருவரிடம் போய் அரை நாளாவது உட்காருங்கள். "உங்க வேலையில சினிமாக்காரங்க தப்பா காட்டுறது எது?" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் சிரித்துவிட்டார். கயிறு அறுந்து லிஃப்ட் விழுவதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்களாம். லிஃப்ட்டைத் தாங்குவது ஒற்றைக் கயிறில்லை, பல கம்பிவடங்கள். எல்லாம் போனாலும் வேகம் கூடினால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் அமைப்பு அடியில் இருக்கிறது. எலிஷா ஓட்டிஸ் 1854-இல் நியூயார்க்கில் மேடையில் தானே ஏறி நின்று, கயிற்றை வெட்டச் சொல்லி ஊருக்குக் காட்டிய சங்கதியின் இன்றைய வடிவம் இது.

"அப்புறம் எதுதான் சார் ஆபத்து?" என்று கேட்டேன். "ப்ரேக்கை விட்டா காலி லிஃப்ட் மேல போகும்" என்றார். எனக்குப் புரியவில்லை. மறுபக்கம் தொங்கும் எதிர்எடையில் கூண்டின் எடையோடு, ஏற்றக்கூடிய பாரத்தில் ஏறத்தாழ பாதியையும் சேர்த்து வைத்திருப்பார்களாம். அதனால் கூண்டில் ஆள் குறைவாக இருந்தால் எதிர்எடை கீழே இறங்கும், கூண்டு மேலே ஏறும். இந்த ஒற்றை வாக்கியம் என் க்ளைமாக்ஸை எழுதிக் கொடுத்தது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

படி 3: கடத்தியவர்களின் கணக்கை நீங்களே போடுங்கள்

வில்லன் ஏன் கடத்தினான் என்பதை ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும். பணம், மிரட்டல், பழி, ஆள்மாறாட்டம், குடும்பத் தகராறு. நிஜத்தில் காணாமல்போகும் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களில் வீட்டாரும் தெரிந்தவர்களும்தான் அதிகம். முன்பின் தெரியாத கும்பல் தூக்கிப்போவது அரிது. அதற்காக உங்கள் வில்லன் சித்தப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் வெளியாளாக வைத்தால், குழந்தை எத்தனை மணிக்கு எந்த வழியாக வருவாள் என்று அவனுக்கு யார் சொன்னது? அந்தக் கேள்வி தானாக ஒரு துரோகியைக் கொண்டுவந்து நிறுத்தும்.

அப்புறம் நடைமுறை. ஒரு குழந்தையை நான்கு நாள் வைத்திருப்பது சின்ன வேலையில்லை. சாப்பாடு, கழிவறை, மாற்றுத்துணி, காய்ச்சல் வந்தால் மருந்து, அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்க ஓர் ஏற்பாடு. யாரோ ஒருவன் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அந்தக் காவலுக்கு இருப்பவன்தான் இந்த வகைக் கதையிலேயே வளமான ஆள். தலைவனைவிட அவனுக்கு நேரம் செலவழியுங்கள். குழந்தைக்குத் தலைபின்னத் தெரியாமல் திணறும் ஒரு முரடன், நான்காம் நாள் அவளைக் கொல்லச் சொன்னால் என்ன செய்வான்? நல்லவனாக மாறிவிடுவான் என்று வாசகர் எதிர்பார்ப்பார். மாறாமலும் இருக்கலாம். தலையும் பின்னிவிட்டு, கட்டளையையும் நிறைவேற்றக் கூடியவனாக அவன் இருந்தால் நெஞ்சு கொஞ்சம் கூடுதலாகவே துடிக்கும்.

பணத்துக்குக் கடத்தல் என்றால் பணத்தைத் தராசில் வையுங்கள். அமெரிக்க டாலர் நோட்டு ஒன்று சுமார் 1 கிராம். 10 லட்சம் டாலரை 100 டாலர் நோட்டாகக் கொடுத்தால் 10 கிலோ, 20 டாலர் நோட்டாகக் கேட்டால் 50 கிலோ. கையில் ஒரு சின்னப் பெட்டியோடு நாயகன் ஓடும் காட்சியை எழுதுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், எத்தனையோ பேர் காட்சியையே மாற்றியிருப்பார்கள். 50 கிலோவைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறச் சொல்லுங்கள், சண்டையே இல்லாமல் ஒரு சண்டைக்காட்சி கிடைக்கும்.

பணம் கைமாறுவதோடு கதை முடிந்துவிடுவதும் இல்லை. 1932-இல் விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் கைக்குழந்தை கடத்தப்பட்டபோது 50,000 டாலர் கொடுக்கப்பட்டது. குழந்தை பிழைக்கவில்லை. ஆனால் கொடுத்த நோட்டுகளின் எண்களைக் குறித்து வைத்திருந்தார்கள். அவற்றில் பல, தங்கத்துக்கு ஈடாக வெளியிடப்பட்ட தங்கச் சான்று நோட்டுகள். அடுத்த ஆண்டே அந்த வகை நோட்டுகளைத் திரும்பப் பெற்றுவிட்டதால் அவை புழக்கத்தில் அரிதாகிவிட்டன. 1934-இல் பெட்ரோல் போட வந்த ஒருவர் அப்படி ஒரு 10 டாலர் நோட்டை நீட்ட, சந்தேகப்பட்ட பங்க் ஊழியர் நோட்டின் ஓரத்திலேயே வண்டி எண்ணை எழுதி வைத்தார். வழக்கு அங்கேதான் திரும்பியது. பெரிய துப்பறிவாளர்கள் இரண்டரை ஆண்டு தேடியது ஒரு பென்சில் கிறுக்கலில் கிடைத்தது. உங்கள் கதையிலும் இப்படி ஒரு சின்ன ஆளுக்கு இடம் வையுங்கள்.

படி 4: "போலீஸுக்கு ஏன் போகவில்லை?"

இதுதான் எந்த வாசகரும் முதலில் கேட்கும் கேள்வி. "போலீஸுக்குப் போனால் கொன்றுவிடுவேன்" என்று வில்லன் சொல்வது மட்டும் போதாது. போகலாமா வேண்டாமா என்று பெற்றவர் தவிக்கும் ஒரு காட்சியாவது வேண்டும். என்னைக் கேட்டால் போகவிடுவதே நல்லது. போலீஸ் கெட்டவர்கள் என்று காட்டாதீர்கள், சலித்துவிட்டது. அவர்கள் சரியாக, பொறுமையாக, விதிப்படி வேலை செய்யட்டும். கேமரா பதிவு வர வேண்டும், பதில் கடிதம் வர வேண்டும், மேலதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவிடம் அந்த நேரம் இல்லை. கெட்ட போலீஸைவிட, தன்னால் முடிந்ததையெல்லாம் செய்யும் நல்ல போலீஸ் போதாமல்போவதுதான் அதிகம் வலிக்கும்.

போன் விஷயத்தில் மட்டும் கவனம். "இன்னும் முப்பது வினாடி பேசவையுங்கள், கண்டுபிடித்துவிடலாம்" என்பது பழைய காலத்து எக்ஸ்சேஞ்ச்களில் ஆட்கள் இணைப்பைத் தேடிப் பிடித்த நாட்களின் மிச்சம். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் அழைப்பு விழுந்த உடனேயே எண் பதிவாகிவிடும். டவரை வைத்து இடம் தேடினாலும் ஒரு கதவெண் கிடைக்காது. டவர்கள் நெருக்கமாக இருக்கும் நகரத்தில் சில தெருக்கள் என்ற அளவுக்குக் குறையலாம், ஆளில்லாத பகுதியில் பல கிலோமீட்டர் விரியலாம். எழுத்தாளருக்கு இது வரம். தேட வேண்டிய வட்டம் கிடைத்துவிட்டது, வட்டத்துக்குள் ஐம்பது கட்டடம் இருக்கிறது. மிச்சத்தைப் பெற்றவரின் மூளை செய்யட்டும்.

படி 5: துப்பை உழைத்துச் சம்பாதிக்க விடுங்கள்

தற்செயல் ஒரு பாத்திரத்தைச் சிக்கலில் மாட்டிவிடலாம், சிக்கலிலிருந்து விடுவிக்கக் கூடாது. எழுதுபவர்களிடையே புழங்கும் விதி இது. மீறினால் வாசகர் மன்னிக்க மாட்டார்.

நம் கதைக்கு வருவோம். பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு ஆதாரமாகப் பத்து வினாடி பேச விடுகிறார்கள். பக்கத்தில் ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறான். மகள் அழவில்லை. "அம்மா, வீட்டுக்கணக்குல அம்பத்திநாலாவது மட்டும் பாக்கி இருக்கு" என்கிறாள். இணைப்பு துண்டிக்கப்படுகிறது.

அவ்வளவு பெரிய வீட்டுக்கணக்கு எந்த மூன்றாம் வகுப்பிலும் கிடையாது. கையில் கிடைத்த ஏதோ ஒரு காகிதத்தின் பின்புறம் அம்மா 54 என்று எழுதுகிறார். ஒரு மாடி உயரம் ஏறத்தாழ 3 மீட்டர், ஒரு படி பதினாறு பதினேழு சென்டிமீட்டர், ஆக ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி. 54-ஐ வகுத்தால் மூன்று. மூன்றாம் மாடி. அதைவிடப் பெரிய விஷயம், ஏறியது படியில். லிஃப்ட் ஓடினால் கடத்திவந்த குழந்தையைப் படியில் நடத்தி ஏற்றுவார்களா? அப்படியென்றால் லிஃப்ட் இருந்தும் ஓடவில்லை. டவர் காட்டிய வட்டத்துக்குள் சர்வீஸ் நின்றுபோன லிஃப்ட் எது எது? அந்தப் பட்டியல் அவருடைய கம்பெனி மேசையிலேயே இருக்கிறது.

இப்போது அவரைத் தவறான கட்டடத்துக்கு அனுப்புங்கள். பட்டியலில் மூன்று இருந்தால் முதலில் போவது தப்பாக இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் வீணாகட்டும், வில்லனுக்குச் சந்தேகமும் வரட்டும். கெட்டிக்காரத்தனமான துப்பு ஒன்று உடனே பலித்தால் எழுத்தாளரின் கை தெரிந்துவிடும். பலிக்காமல் போய் வேறொன்றை உடைத்துவிட்டால் அது அம்மாவின் துப்பாகிவிடும்.

படி 6: உடம்புக்கு விசுவாசமாக இருங்கள்

கரடுமுரடு என்பது ரத்தத்தின் அளவில் இல்லை. அடித்த கையும் வலிக்க வேண்டும், அந்த வலி அடுத்த காட்சியிலும் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மூடிய முஷ்டியால் ஒருவன் மண்டையில் குத்தினால் உடைவது பெரும்பாலும் குத்தியவரின் சுண்டுவிரல் பக்கத்து எலும்புதான். குத்துச்சண்டைக்காரர்கள் கையில் துணிச்சுற்றும் உறையும் போடுவது எதற்கு? மெக்கானிக் அம்மா கை உடைந்தால் அப்புறம் ஸ்பேனர் பிடிப்பது எப்படி? இந்த ஒரு கேள்வி அடுத்த இருபது பக்கத்தின் பதற்றத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பயம் உச்சத்துக்குப் போனால் விரல்களின் நுணுக்க வேலை முதலில் போகும். சாவியைத் துவாரத்தில் போட முடியாது, போனில் எண் தட்ட வராது. பார்வை குறுகிக் குழாய் வழியாகப் பார்ப்பது போலாகும். சத்தம் பாதி கேட்காது. நேரம் இழுபடும். இதையெல்லாம் "அவள் பயந்தாள்" என்று எழுதாமல், திருகாணி மூன்று தடவை கைதவறி விழுந்தது என்று எழுதுங்கள்.

மூடிய அறைக்குள் துப்பாக்கி வெடித்தால் 140 டெசிபலைத் தாண்டும். பின்னால் பேசுவது யாருக்கும் சரியாகக் கேட்காது, காதுக்குள் விசில் மட்டும் ஓடும். சைலன்சர் போட்டாலும் "ப்சிக்" என்று கேட்பது சினிமாவில்தான். நிஜத்தில் பக்கத்து அறைக்குத் தெளிவாகக் கேட்கும்.

கைக்குட்டையில் குளோரோஃபார்ம் நனைத்து மூக்கில் வைத்ததும் மயங்கி விழுவதும் கிடையாது. சில நிமிடம் விடாமல் சுவாசித்தால்தான் மயக்கம் வரும், அதுவரை கையும் காலும் உதைத்துக்கொண்டேதான் இருக்கும். தலையில் தட்டி ஒருவனை ஒரு மணி நேரம் தூங்கவைப்பதும் அப்படித்தான். அவ்வளவு நேரம் நினைவு திரும்பாவிட்டால் அது மூளைக்காயம், அவன் எழுந்து மறுபடி சண்டைக்கு வர மாட்டான். தோளில் குண்டு பட்டால் கட்டுப்போட்டுக்கொண்டு ஓடும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அங்கே பெரிய ரத்தக்குழாயும் கைக்கு வரும் நரம்புக்கூட்டமும் இருக்கின்றன, கீழே நுரையீரலின் நுனி.

நான் செய்வது ஒரு காயப்பட்டியல். யாருக்கு, எந்தப் பக்கத்தில், எந்தக் கையில் என்று தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவேன். ஒரு டிராஃப்டில் என் கதையின் அம்மா வலது முழங்கால் வீங்கி நொண்டிக்கொண்டே வந்து, நான்கு பக்கம் கழித்துச் சுவரேறிக் குதித்தார். பட்டியல் இல்லாமல் அதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

ஒன்பது வயதுப் பிள்ளை ஏறத்தாழ 25 முதல் 28 கிலோ இருப்பாள். மீட்டெடுத்த பிறகு அவளைத் தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டும். ஒரு கை போச்சு. மூச்சு அரை நிமிடத்தில் வாங்கும். சண்டை வடிவமைக்கும்போது இதை முதலில் கணக்கில் எடுங்கள்.

படி 7: பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று எவ்வளவு காட்டலாம்

இந்த இடத்தில் கை கூசாவிட்டால் எழுதுவதை நிறுத்திவிட்டு யோசியுங்கள். குழந்தைமீது நடக்கும் கொடுமையைக் காட்சியாக விரிப்பது வாசகரை அடிக்கும் குறுக்குவழி. ஹிட்ச்காக்கே 1936-இல் ‘சபோடாஜ்’ படத்தில் தெரியாமல் வெடிகுண்டைச் சுமந்துபோகும் ஒரு சிறுவனைப் பேருந்தில் சாகவைத்தார். பதற்றத்தை அவ்வளவு நேரம் ஏற்றிவிட்டுப் பையனையும் கொன்றது தப்பு, பார்த்தவர்களுக்கு ஆத்திரம் வந்துவிட்டது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

எனக்குக் கைகொடுப்பது குழந்தையின் கண். அவள் அத்தியாயங்களில் அவளுக்குப் புரிந்தது மட்டும்தான் இருக்கும். கதவுக்கு அப்பால் இரண்டு பேர் பேசுகிறார்கள், ஒரு பெயர் அடிபடுகிறது, ஒருவன் அழுகிறான். ஏன் என்று அவளுக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும். அவள் சுவரில் இருக்கும் விரிசலை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவளும் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒரு முறையாவது தப்பிக்க முயன்று மாட்டிக்கொள்ளட்டும். மீட்கப்படும் பொட்டலமாக அவள் இருந்தால் என் முதல் கதைக்கு வந்த கதிதான்.

படி 8: க்ளைமாக்ஸ், எடைக்கணக்கு

வந்துவிட்டோம். மூன்றாம் மாடி. படிக்கட்டில் ஆள் காவல் நிற்கிறான். செத்துப்போன லிஃப்ட்டை யாரும் பார்க்கவில்லை. எட்டுப் பேர் லிஃப்ட், கூண்டு தரைத்தளத்தில் நிற்கிறது. முதல் மாடிக் கதவை முக்கோணச் சாவியால் திறந்தால் கூண்டின் கூரை காலடியில் இருக்கும். அம்மா அதில் இறங்குகிறார். மேலே மெஷின் அறையில் ப்ரேக்கைக் கையால் விட ஓர் ஆள் வேண்டும், ஒருவரால் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஆகவே வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன, கை நடுங்கும் ஓர் உதவியாள் பையனைக் கதைக்குள் முன்பே கொண்டுவந்திருக்க வேண்டும். பாருங்கள், தொழிலின் நிஜம் ஒரு பாத்திரத்தையே கொடுத்துவிட்டது.

ப்ரேக் விடுகிறான். மோட்டார் சத்தமில்லாமல் கூண்டு மெதுவாக மேலேறுகிறது. எதிர்எடை அவர் முகத்துக்குப் பக்கத்தில் கீழே வழுக்கிக்கொண்டு போகிறது. மூன்றாம் மாடிக் கதவின் பூட்டைத் லிஃப்ட் ஓடும் குழியின் உள்பக்கத்திலிருந்து கையாலேயே விடுவிக்கலாம். இதுவரை எல்லாம் திட்டப்படி.

மகள் கைக்கு வருகிறாள். இப்போது இறங்க வேண்டும். ஆனால் இருவர் எடையும் சேர்ந்து தொண்ணூறு கிலோகூட வராது. எதிர்எடை இன்னும் கனம். ப்ரேக்கை விட்டால் அவர்கள் கீழே போக மாட்டார்கள், மேலேதான் போவார்கள், மொட்டைமாடியை நோக்கி, முட்டுச்சந்துக்கு. அந்த நேரம் பார்த்து இரண்டு முரடர்கள் கூண்டின் கூரைமேல் பாய்கிறார்கள். பாரம் கூடக் கூட ஏறும் வேகம் குறைகிறது. இன்னும் ஒருவன் ஏறினால் நடுவானில் நின்றுவிடும். அதற்குமேல் ஒருவன் ஏறினால் இறங்கத் தொடங்கும். தன் மகளைக் காப்பாற்ற அம்மாவுக்கு இப்போது எதிரிகளின் எடை தேவைப்படுகிறது. இதை அவர் மட்டுமே கணக்குப் போடுகிறார். கூட நிற்பவர்களுக்கு எதுவும் புரியவில்லை.

நான் ஒரு பஞ்ச் டயலாக்கும் இங்கே எழுதவில்லை. தேவைப்படவில்லை.

படி 9: மீட்ட பிறகு பத்து பக்கம்

பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடித்ததும் ‘சுபம்’ போட்டுவிடாதீர்கள். பெற்ற மனம் பித்து என்பார்கள். அந்தப் பித்தில் அம்மா என்னவெல்லாம் செய்தார் என்பதை மகள் பார்த்திருக்கிறாள். சில நாள் அவள் அம்மாவின் கையைப் பிடிக்காமல் இருக்கலாம். தலைபின்னிய காவல்காரனைப் பற்றிக் கேட்கலாம், "அந்த அண்ணன் எங்க?" என்று. அம்மா என்ன பதில் சொல்வார் என்பதை முதல் டிராஃப்டிலேயே எழுதிப் பாருங்கள். அந்தப் பதில் உங்களுக்குத் தெரியாவிட்டால் எட்டாம் படியில் ஏதோ கோளாறு.

சட்டமும் வாசலில் நிற்கும். உயிர் போயிருந்தால் விசாரணை உண்டு, அதை இரண்டு பக்கத்திலாவது தொட்டுவிடுங்கள்.

படி 10: திருத்தும்போது

திரைக்கதை என்றால் ஒரு பக்கத்துக்குத் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம், ஆக தொண்ணூறிலிருந்து நூற்றிருபது பக்கத்துக்குள் நிற்கப் பாருங்கள். கடத்தல் பதினைந்தாம் பக்கத்துக்குள் நடந்திருக்க வேண்டும். நாவலுக்கு இவ்வளவு கறார் வேண்டாம்.

முதல் டிராஃப்டை முடித்ததும் இரண்டு வாரம் தொடாதீர்கள். அப்புறம் எடுத்து, பிள்ளை வரும் பக்கங்களை மட்டும் தனியாகப் பிரித்து அடுக்கி ஒரே மூச்சில் படியுங்கள். அடுத்த நாள் சண்டைக்காட்சிகளை மட்டும், சுவரில் ஒட்டிய காயப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை உடையுங்கள். மூன்றாம் நாள் நீங்கள் எதுவும் படிக்க வேண்டாம். அந்தத் தொழில் செய்பவரிடம் எட்டாம் படியைக் கொடுத்துவிட்டு, அவர் எந்த வரியில் சிரிக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.